வாடகை விளம்பரங்களைச் சுத்தம் செய்த வருடம்

அப்போது நான் பெட்டாலிங் ஜெயாவில், வாடகை வீடுகளுக்கான ஓர் இணையதளத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். வீடு தேடுகிறவர் வந்து ஊர் பெயரையும் எத்தனை அறை என்பதையும் தட்டினால், பொருத்தமான விளம்பரங்களை எடுத்துக் கொடுப்பது ஒரு தேடல் சர்வர். அந்த சர்வர் என் பொறுப்பு.

ஏஜெண்டுகள் எழுதி அனுப்பும் விளம்பரம் நேராக சர்வருக்குள் போய் உட்கார்ந்துவிடாது. அதற்கு முன் ஒரு சங்கிலியைக் கடந்து வர வேண்டும். சங்கிலியில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரே ஒரு வேலை. ஒன்று, தேவையில்லாத இடைவெளிகளை வெட்டும். ஒன்று, வேறு தளத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த குறிகளை உரித்தெடுக்கும். ஒன்று, எழுதியிருப்பது மலாய் மொழியா, ஆங்கிலமா, சீனமா என்று பார்த்துக் குறித்து வைக்கும். ஒரே வீட்டை இரண்டு ஏஜெண்டுகள் போட்டிருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள ஒரு கண்ணி உண்டு. கடைசிக் கண்ணிதான் விளம்பரத்தை உண்மையில் எழுதி வைப்பது. அதைச் சேர்க்க மறந்தால் சர்வர் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் 'சரி' என்று பதில் சொல்லும், ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு காலைப் பொழுது முழுவதும் எனக்கு அப்படிப் போனது. திரையில் எல்லாம் சரி சரி என்று வந்துகொண்டே இருந்தது. தேடினால் ஒரு வீடும் இல்லை.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எது முதலில், எது பின்னால் என்று யோசித்து அடுக்குவதில் ஒரு நிம்மதி இருந்தது. வீட்டில் எதையும் அப்படி அடுக்க முடிந்ததில்லை.

அலுவலகத்தில் எங்கள் மாடியில் தமிழர்கள் இரண்டே பேர். நானும் என் மேலதிகாரியும். அவர் செராஸ்காரர், இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்தவர். எல்லாரும் அவரை பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். மீட்டிங்கில் ஆங்கிலம் பேசுவார். என்னிடம் தனியாகப் பேசும்போது மட்டும் தமிழுக்கு மாறுவார். அந்தத் தமிழைக் கேட்டு நான் அவரை நம்பினேன்.

ஒருநாள் காலை அலுவலகத்தில் எல்லாருடைய கைப்பேசியிலும் ஒரே படம். எங்கள் தளத்தில் வந்த ஒரு விளம்பரத்தை யாரோ ஒரு பெண் படமெடுத்துப் போட்டிருந்தாள். மூன்று அறை, கார் நிறுத்த இடம், எல்.ஆர்.டி. ரயில் நிலையம் பக்கம், நோ இந்தியன். கடைசி இரண்டு சொற்களைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தாள். படம் ஊரெல்லாம் சுற்றிவிட்டது.

எங்களில் யாருக்கும் அது புதிதில்லை. அப்பா பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தவர். ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தது. பேப்பரில் விளம்பரம் பார்த்து போன் பண்ணுவார். அவருடைய ஆங்கிலம் பாதிரியார்களிடம் படித்த ஆங்கிலம். போனில் எல்லாரும் மரியாதையாகப் பேசுவார்கள். நேரில் போனதும் வீடு ஏற்கெனவே போயிருக்கும். கடைசியில் கிள்ளானில் மாதாகோயில் ஆள் ஒருவர் மூலமாக ஒரு வீடு கிடைத்தது. அந்த நாட்களில் அப்பா என்ன நினைத்தார் என்று எங்களிடம் சொன்னதே இல்லை. வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போவார், வந்து அதைக் கழற்றி ஆணியில் மாட்டுவார்.

அதனால் பாஸ் என்னைக் கூப்பிட்டு, "இந்த மாதிரி வார்த்தை இனிமே நம்ம சைட்ல வரக்கூடாது, என்ன செய்யலாம்?" என்று கேட்டபோது நான் மகிழ்ந்தேன். பதில் தயாராக இருந்தது. சங்கிலியில் ஒரு புதுக் கண்ணி. அப்படிப்பட்ட சொல் இருந்தால் விளம்பரத்தை ஏற்காது. 'இனத்தைக் குறிப்பிட்டு விளம்பரம் செய்ய முடியாது' என்று ஏஜெண்டுக்கே திருப்பி அனுப்பிவிடும். அன்றைக்கே எழுதி, சோதித்தும் காட்டினேன்.

அவர் திரையைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு சொன்னார்: "ரிஜெக்ட் பண்ணா அவங்க அடுத்த சைட்டுக்குப் போயிடுவாங்கமா. விளம்பரம் வரட்டும். அந்த வார்த்தையை மட்டும் எடுத்துடுங்க."

"வார்த்தையை எடுத்தா எண்ணம் போயிடுமா பாஸ்?"

"எண்ணம் நம்ம டிபார்ட்மெண்ட் இல்லமா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எழுந்து போகும்போது இன்னொன்றும் சொன்னார். "எடுத்ததைத் தூக்கிப் போட்டுறாதீங்க. தனியா ஒரு ஃபீல்டுல வெச்சிருங்க. வெளியே யாருக்கும் தெரிய வேணாம். நாளைக்கு வக்கீல் கேட்டா காட்டலாம்."

திருப்பி அனுப்பும் கண்ணியைக் கழற்றிவிட்டு, சொல்லை வெட்டும் கண்ணியைப் போட்டேன். அவசரம் என்றார்கள் என்பதால் முதலில் வலையை அகலமாக விரித்துவிட்டேன். மறுநாள் பிரிக்ஃபீல்ட்ஸ் வீடுகளெல்லாம் 'லிட்டில் பக்கத்தில்' இருந்தன. லிட்டில் இந்தியாவில் இந்தியாவைக் காணோம். 'இந்தியன் ரெஸ்டாரன்ட் கீழே இருக்கிறது' என்பது வெறும் ரெஸ்டாரன்ட் ஆகியிருந்தது. மாடியில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திருத்தினேன்.

ஆனால் ஏஜெண்டுகள் என்னைவிட வேகமானவர்கள். அந்தச் சொல் போனதும் 'சி ஒன்லி' என்று, சீனர் மட்டும் என்ற அர்த்தத்தில், எழுதினார்கள். அதையும் பிடித்தேன். 'ஹெவி குக்கிங் கூடாது' என்று எழுதினார்கள். அதை எப்படிப் பிடிப்பது? வாசனை பற்றி ஒருவர் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். சீனத்திலும் மலாயிலும் எழுதியதைப் படிக்க மற்றவர்களிடம் கேட்டேன். பக்கத்து மேசையில் ஒரு மலாய்ப் பெண், என்னைவிட இளையவள், என்னை அக்கா என்று தமிழிலேயே கூப்பிடுவாள். மலாய் விளம்பரங்களில் எந்தச் சொல் என்ன அர்த்தத்தில் வருகிறது என்று அவள்தான் பொறுமையாகச் சொல்லித் தந்தாள்.

சில வாரங்களில் எங்கள் தளம் சுத்தமாகிவிட்டது. எங்கே தேடினாலும் ஓர் இனத்தின் பெயரும் இல்லை. பாஸ் ஏதோ கூட்டத்தில் போய் இதைப் பற்றிப் பேசினார். பேன்ட்ரியில் கேக் வெட்டினார்கள். எனக்கு முதல் துண்டு.

அதே சமயத்தில்தான் கிள்ளானில் நாங்கள் குடியிருந்த வீட்டை விற்கப்போவதாக வீட்டுக்காரர் சொன்னார். எனக்கும் கணவருக்கும் பெட்டாலிங் ஜெயாவில்தான் வேலை. அவர் ஒரு தொழிற்சாலையில் பரிசோதனைக்கூடத்தில் இருந்தார். தினமும் கொமுட்டர் ரயிலில் நசுங்கி வருவதற்கு இங்கேயே பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். வேறு எந்தத் தளத்தில் தேடுவேன்? எங்கள் தளத்திலேயே தேடினேன். பெரிய பட்டியல் வந்தது. கணவர் எட்டிப் பார்த்து, "இவ்வளவு வீடு இருக்கா?" என்றார். பெருமையாக இருந்தது.

முதல் ஏஜெண்ட் ஒரு பெண். இனிமையான குரல். ஆங்கிலத்தில் எல்லாம் பேசி முடித்தோம். எப்போது வந்து பார்க்கலாம் என்று நான் கேட்டதும், "வாட் ரேஸ் ஆ?" என்று இனத்தைக் கேட்டாள். சொன்னேன். "ஓ. சாரி லா. ஓனர் ஒத்துக்க மாட்டாங்க." கோபமாகச் சொல்லவில்லை. கடையில் கேட்ட சாமான் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

பிறகு இன்னொருவர். பிறகு இன்னொருவர். கணவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தொழிற்சாலைக்கு வெளியே நின்று போன் பண்ணுவார். மாலையில் நான் கேட்டால், "போயிடுச்சாம்" என்பார். கொஞ்ச நாளில் நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

செராஸில் ஒரு வீட்டுக்கு ஏஜெண்ட் இல்லை, வீட்டுக்காரரே பேசினார். என் குரலைக் கேட்டதுமே தமிழில், "எந்த ஊரும்மா?" என்றார். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. கிள்ளான் என்றேன். கணவர் வேலை, என் வேலை எல்லாம் விசாரித்தார். பிறகு, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நம்ம ஆளுங்களுக்கு நான் குடுக்கிறதில்ல. நீங்க நல்லவங்களா இருக்கலாம்" என்றார்.

"நீங்களும் நம்ம ஆளுதானே அங்கிள்?"

"அதனாலதாம்மா தெரியுது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஒரே ஒரு வீட்டைப் பார்க்க வரச் சொன்னார்கள். என் பெயர் கிறிஸ்தவப் பெயர். ஆங்கிலமும் அப்பாவிடமிருந்து வந்தது. அந்த ஏஜெண்ட் என்னிடம் எதையும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை போனோம். பழைய மாடிவீட்டு வரிசை, வாசலில் ஒரு பெரிய மாமரம். கேட்டுக்கு உள்ளே வீட்டுக்கார அம்மாள் நின்றிருந்தார், வயதானவர். எங்களைப் பார்த்தார். ஏஜெண்டிடம் கேண்டனீஸில் ஏதோ கேட்டார். ஏஜெண்ட் இளைஞன், முகம் சிவந்துவிட்டது. எங்களிடம் வந்து, இப்போதுதான் ஒருவர் முன்பணம் போட்டுவிட்டதாக போன் வந்தது என்றான். அவன் கையில் போன் இல்லை. என் கணவர், "பரவாயில்லை" என்று அவனுடைய தோளைத் தட்டிவிட்டு வந்து காரில் உட்கார்ந்தார்.

கார் பெடரல் நெடுஞ்சாலைக்கு வந்தது. பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "முன்னாடியெல்லாம் விளம்பரத்துலயே போட்டுருவானுங்க. அதுவே நல்லா இருந்துச்சு. போனாவது பண்ணாம இருந்திருக்கலாம்."

அந்த மாற்றத்தைச் செய்தது யார் என்று அவருக்குத் தெரியும். கேக்கில் ஒரு துண்டை அவருக்கும் டிஷ்யூவில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்திருந்தேன். என்னைக் குத்திக்காட்ட அவர் அதைச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் அந்த மாமர வீட்டின் விளம்பரத்தைத் திறந்தேன். வெளியே தெரியும் பகுதியில் மரம், மாடி, அமைதியான சூழல். வெளியே தெரியாத அந்த ஃபீல்டில், என் கண்ணி வெட்டி எடுத்து வைத்திருந்தது: இந்தியர்கள் தயவுசெய்து அழைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். நாங்கள் அழைத்த மற்ற வீடுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பெரும்பாலானவற்றில் ஏதோ ஒன்று இருந்தது. எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதெல்லாம் எங்களுக்குத் தெரியாத இடத்தில் பத்திரமாக இருந்தது.

பாஸிடம் போனேன். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஏஜெண்டுகளின் குரல், செராஸ் அங்கிள், கேட், கணவர் காரில் சொன்னது. நான் முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் அப்பாவுக்கும் இது நடந்துச்சும்மா" என்றார். "நான் கூடவே நின்னேன்."

"அப்ப பழையபடி ரிஜெக்ட் பண்ணலாம் பாஸ். ஒரு வரி மாத்தினா போதும். ஏஜெண்டுங்க போனா போகட்டும்."

"யோசிக்கிறேன்" என்றார். யோசிப்பார் என்று நம்பினேன்.

யோசித்துத்தான் இருந்தார். அடுத்த மீட்டிங்கில் ஒரு புதுத் திட்டத்தோடு வந்தார். தளத்தில் பதிவு செய்கிறவர்கள் தங்கள் விவரத்தில் இனத்தையும் நிரப்புவார்கள். இந்த நாட்டில் எந்தப் படிவத்திலும் அந்தக் கட்டம் உண்டு, யாரும் யோசிக்காமல் நிரப்புவதுதான். இனிமேல் விளம்பரம் உள்ளே வரும்போதே ஒரு கண்ணி அதைப் படித்து, எந்த இனத்தாருக்கு வேண்டாம் என்று குறித்து வைக்கும். அந்த இனத்தவர் தேடினால் அந்த வீடு வராது. அவ்வளவுதான்.

"நம்ம டீம்ல ஒருத்தருக்கே இந்தக் கஷ்டம் வந்திருக்கு" என்று ஆங்கிலத்தில் எல்லாருக்கும் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். "யாரும் போன் பண்ணி அவமானப்பட வேண்டியதில்லை. அவங்களுக்குக் கிடைக்கக்கூடிய வீடு மட்டும் அவங்களுக்குத் தெரியும்."

மீட்டிங் முடிந்து எல்லாரும் போனபின் நான் நாற்காலியிலேயே இருந்தேன். "நான் கேட்டது இது இல்ல பாஸ்."

"நீங்க சொன்ன வலிக்கு இதுதாம்மா மருந்து. போன் வலி இருக்காது, கேட் வலி இருக்காது."

"வீடும் இருக்காது."

"இப்ப மட்டும் இருந்துச்சா?"

அவர் கேட்டதில் பொய் இல்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. நான் இதை எழுத மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். கட்டாயப்படுத்தவில்லை. "புரியுது" என்றார். அந்த வேலையைப் பக்கத்து மேசைப் பெண்ணிடம் கொடுத்தார்.

மறுநாள் அவள் கீழே மாமாக் சாப்பாட்டுக் கடையிலிருந்து இரண்டு தே தாரிக் டீ வாங்கிக்கொண்டு வந்து, ஒன்றை என் மேசையில் வைத்தாள். "அக்கா, நான் செய்யலன்னா வேற யாராவது செய்வாங்க" என்றாள் ஆங்கிலத்தில். நான் தலையசைத்தேன். தன் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "இப்ப இருக்கிற ரூமே எனக்கு 'முஸ்லிம் பெண்கள் மட்டும்'னு போட்ட விளம்பரத்துலதான் கிடைச்சது. அப்ப எனக்கு அது தப்பாத் தோணல" என்றாள். அவள்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் போராடிவிட்டு மறுபடி வந்தாள். எந்த விளம்பரத்திலும் குறி விழவில்லை, ஏன் என்று தெரியவில்லை என்றாள். அவளுடைய திரையைப் பார்த்தேன். சொல்லை வெட்டும் என் கண்ணிக்குப் பின்னால் தன் கண்ணியை வைத்திருந்தாள். அங்கே வரும்போது படிக்க ஒன்றும் மிச்சமிருக்காது. "முன்னாடி வை" என்றேன். வைத்தாள். வேலை செய்தது.

அது ஓடத் தொடங்கிய அன்று நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, அவரவர் கணக்கில் நுழைந்து ஒரே தேடலைச் செய்தோம். பெட்டாலிங் ஜெயா, மூன்று அறை. அவளுடைய பக்கத்தை விரலால் தள்ளத் தள்ள வீடுகள் வந்துகொண்டே இருந்தன. என்னுடையது சீக்கிரமே முடிந்துவிட்டது. அடியில் ஒரு வாசகம், மரியாதையான எழுத்தில்: மேலும் வீடுகளைக் காண, தேடும் பகுதியை விரிவாக்கிப் பாருங்கள். மாமர வீடு அவளுக்கு வந்தது. இன்னும் வாடகைக்குப் போகவில்லை. அவள் சட்டென்று பக்கத்தை மூடினாள்.

எங்களுக்கு வீடு கிடைத்தது தளத்தின் மூலமாக இல்லை. கணவரோடு வேலை செய்யும் ஒரு மலாய்க்காரரின் அத்தை, பெட்டாலிங் ஜெயாவின் ஓரத்தில், கம்போங் மேடானில் ஒரு அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு விட இருந்தார். அந்த இடத்தின் பெயரைச் சொன்னதும் அம்மாவின் முகம் மாறியது. மலாய்க்காரர்களுக்கும் இந்தியர்களுக்கும் அங்கே நடந்த பழைய கலவரத்தை அவர் இன்னும் மறக்கவில்லை. வீட்டுக்கார அம்மாள் எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: நாய் வளர்ப்பீர்களா? இல்லை என்றோம். சாவியைக் கொடுத்தார். லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடும், குழாயில் தண்ணீர் நூலாக வரும். அங்கேதான் இருக்கிறோம்.

கொஞ்ச காலத்தில் அந்த வேலையையும் விட்டேன். விடைபெறப் போனபோது பாஸ் எழுந்து நின்று கை கொடுத்தார். "நீங்க ஆரம்பிச்சு வெச்ச வேலையால எத்தனை பேருக்கு மனக்கஷ்டம் மிச்சமாயிருக்கு தெரியுமா?" என்றார். உண்மையாகவே சொன்னார். இப்போதெல்லாம் அவருக்கு நிறையப் பாராட்டு வருவதாகக் கேள்வி. புகார் வருவதில்லையாம். எப்படி வரும்? காட்டப்படாததைப் பற்றி யார் புகார் செய்வார்கள்?

நான் இப்போது கிள்ளானில் லோரி உதிரிபாகங்கள் விற்கும் ஒரு கம்பெனிக்குத் தேடல் சர்வர் பார்த்துக்கொள்கிறேன். வேலைக்காகக் கிள்ளானை விட்டு பெட்டாலிங் ஜெயாவுக்கு வந்தோம், இப்போது வேலைக்காக இங்கிருந்து கிள்ளானுக்குப் போய்வருகிறேன். பிரேக், கிளட்ச், டயர். சங்கிலி அதே சங்கிலிதான். எங்கள் பொருட்களைப் பார்க்கக் கூடாது என்று யாருக்கும் இல்லை.

போன மாதம் எங்கள் அடுக்குமாடியில் எதிர்வீட்டுப் பெண் வந்தாள். நர்ஸ், கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, பெட்டாலிங் ஜெயாவில் மருத்துவமனைக்குப் பக்கத்தில் வீடு பார்க்கிறாள். நான் முன்பு வேலை செய்த அதே தளம் அவள் போனில் திறந்திருந்தது.

"அக்கா, பிஜேல வீடே இல்லையே. எல்லாரும் எங்கதான் குடியிருக்காங்க?" என்றாள்.

அவளுடைய போனை வாங்கினேன். புதிதாக ஒரு கணக்கு திறந்து, இனம் என்ற கட்டத்தை நிரப்பாமல் விட்டு, போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் மறுபடி தேடினாள். வீடுகள் வரிசையாக வந்தன. "என்னக்கா செஞ்சீங்க?" என்று வியந்தாள். சொன்னேன். அவளுக்குப் பாதி புரிந்தது போலிருந்தது. பிறகு முழுவதும் புரிந்தது. ஆனால் வீடுகள் கண் முன்னால் இருந்தன. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அங்கேயே நின்று போன் பண்ணினாள்.

நன்றாகத்தான் பேசினாள். எத்தனை பேர், எப்போது குடிவருவீர்கள், எல்லாம் சொன்னாள். பிறகு அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "இந்தியன்" என்றாள். கேட்டுக்கொண்டிருந்தாள். "ஓகே. தேங்க் யூ" என்று சொல்லி வைத்தாள்.

என்னைப் பார்க்கவில்லை. சோபாவில் உட்கார்ந்து அடுத்த விளம்பரத்தைத் திறந்தாள்.